பூட்டுக்கு வெளியே கிடந்த நகல்கள்

தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் முறைப்பாடுகளைப் பதியும் சிறிய அலுவலகம் ஒன்றில், நோர்வூட்டில், வேலை செய்தாள் ஷெரோமி. யார் அடித்தார், யார் மிரட்டினார் என்று அவர்கள் சொல்வதை டைப் செய்து, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வைப்பது அவள் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை காலை, அந்தப் பூட்டு மென்பொருளில் குறை இருப்பதாகவும் உடனே அப்டேட் செய்யுமாறும் திரையில் அறிவிப்பு வந்தது.

என்ன குறை? அதை மட்டும் சொல்லவில்லை. ஷெரோமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹட்டனிலிருந்து கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிரஞ்சனுக்குப் போன் போட்டாள்.

"அப்டேட் பண்ணுங்க மிஸ், சரியாயிரும்."

"பண்றேண்ணே. பூட்டு எப்படி ஒடஞ்சுச்சு, அதச் சொல்லுங்க."

"பூட்டு ஒடையல. நீங்க ஃபைலத் தொறந்தா, வாசிக்க ஒரு நகல எடுத்து வேற ஃபோல்டர்ல வைக்கும். மூடுனதும் அழிக்கணும். அழிக்காம விட்டிருக்கு."

அந்த ஃபோல்டர் எங்கே என்று கேட்டுத் தேடிப் போனாள். நூற்றுக்கும் மேற்பட்ட நகல்கள். ஒன்றைத் தட்டினாள், பாஸ்வேர்ட் கேட்காமலே திறந்துகொண்டது. கொழுந்து பறிக்கும் காளியாயியின் முறைப்பாடு, அவளை வேலை வாங்கும் கங்காணியின் பெயரோடு.

அப்டேட் முடிந்ததும் சோதித்துப் பார்க்கும் ஆசை வந்தது. "இன்னைக்கு மழை" என்று ஒரு ஃபைல் எழுதிப் பூட்டி, திறந்து, மூடினாள். அதன் நகல் தங்கவில்லை.

"அண்ணே, புதுசு தங்கல. ஆனா பழசெல்லாம் அப்படியே கெடக்குதே?"

"அத நான் யோசிக்கவே இல்ல மிஸ்" என்றான் நிரஞ்சன். பிறகு அவன் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் மீட்க முடியாதபடி அழித்தாள்.

மறுநாள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த காளியாயியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"யாராச்சும் பாத்தாங்களா மிஸ்?"

"தெரியலக்கா. பாக்கலன்னு சத்தியம் பண்ண முடியாது."

காளியாயி முகம் இறுகியது. ஆனாலும் எழுந்து போகவில்லை. நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டாள்.

"இப்ப எப்படிப் பூட்டுது, காட்டுங்க."

ஷெரோமி காட்டினாள். காளியாயி கண் இமைக்காமல் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தக் கம்ப்யூட்டர வேற யாரு தொறப்பாங்க?"

"ஆபீஸ்ல இருக்க எல்லாரும்."

"எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஷெரோமி நிரஞ்சனுக்குப் போன் போட்டாள். அன்று மதியமே ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வந்தது. முறைப்பாடுகளைத் திறப்பது ஷெரோமி மட்டும் என்றானது.