வாளியும் குளமும் ஒரே அளவு

மூன்றாவது நாளும் வாளி அவருக்குப் பெப்பே காட்டியது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த நீச்சல் குளத்தில் தினமும் இரண்டு விரற்கடை தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. குளத்தைக் கட்டியவன் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. "வெயில்ல வத்துது அத்தான்" என்று அவன் போனில் சொன்னதும் இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஒழுகல்னு மட்டும் தெரியட்டும், உன் தம்பி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். அந்த வீட்டின் கஷ்டமே அதுதான்.

குளத்துப் படியில் வாளி நிறையத் தண்ணீர் வைத்தார். வாளிக்குள் ஒரு கோடு, குளத்துச் சுவரில் ஒரு கோடு. வெயில் குடித்தால் இரண்டிலும் ஒரே அளவு குறையும். ஒழுகினால் குளத்தில்தான் அதிகம் குறையும். இரண்டும் சொல்லிவைத்தாற்போல ஒரே அளவு குறைந்தன. ஆனால் பக்கத்து மண்ணில் கால் வைத்தால் சொதசொதவென்று இருந்தது. மோட்டாரை நிறுத்திப் பார்த்தார், குழாய்களைத் தடவிப் பார்த்தார். பைத்தியம் பிடிக்காத குறைதான்.

நான்காம் நாள் விடிந்ததும் அளக்கப் போனால், படியில் மனைவி குந்தியிருந்தாள். ஒரு கையில் ஸ்கேல், மறு கையில் டம்ளர். வாளியிலிருந்து மொண்டு மொண்டு குளத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"அளவு சரி பண்றேன்" என்றாள், பிடிபட்டவள் போலவே இல்லாமல். "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி."

எரிச்சலோடு மை பாட்டிலை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினார்; ஒழுகுகிற இடம் மையை இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். விளக்கருகே மை அப்படியே நின்றது. மூலையிலும் நின்றது. ஏணியடியில் மட்டும் நூல் போல நீண்டு, ஆணி இறங்கிய துளைக்குள் விறுவிறுவென்று போய்விட்டது.

"அங்க துளை போடாதீங்க" என்று மச்சான் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், இவரே டிரில் வாங்கிவந்து மாட்டிய ஏணி அது.

ஈரக் கையோடு போன் போட்டார்.

"மச்சான்... ஏணியடியில ஒழுகுது. நான் போட்ட துளை."

"தெரியும் அத்தான். அக்காகிட்ட முதல் நாளே சொன்னேன். தன் தப்புன்னு தெரிஞ்சா அவர் தாங்கமாட்டார், நீ வெயில்னே சொல்லிடுன்னு அக்காதான் சொன்னா."

அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.