நீச்சல் கத்துக்கப் போயிருக்கேன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ரவிக்கையால் வந்தது. தைக்கக் கொடுத்ததை வாங்க ஜமுனாமரத்தூரில் ரெபேக்காவின் தையல் கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. கதவில் ஓர் அட்டை தொங்கியது: ‘நீச்சல் கத்துக்கப் போயிருக்கேன். பதினோரு மணிக்கு வருவேன்.’

ரெபேக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. மறுநாள் கல்யாணத்துக்குப் போட வேண்டிய ரவிக்கை உள்ளே மாட்டிக்கொண்டதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நானோ அந்த அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

2

முதல் தொடக்கம்: ‘ரெபேக்காவின் மகன் ஜெஸ்வின் பதினெட்டு வயதில் எந்தக் கிணற்றில் மூழ்கினானோ, அதே கிணற்றின் படியில் அவள்—’

(இதற்கு மேல் ஓடவில்லை. ஆனாலும் எவ்வளவு கனம் என்று எனக்கே பெருமை.)

அவரிடமே படித்துக் காட்டினேன். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

“எதுக்குங்கக்கா எம் புள்ளய சாவடிச்சீங்க? ஓசூர்ல வேலைக்குப் போய்ட்டு நல்லாத்தான கீறான்.”

“கதைக்கு ஒரு காரணம் வேணுமே ரெபேக்கா.”

“இன்னா காரணம்? சும்மா கத்துக்கக் கூடாதா?”

அந்த வரியை அடித்தேன். ஜெஸ்வினை உயிர்ப்பித்துவிட்டேன்.

3

இரண்டாவது தொடக்கத்தில் அவர் இதுவரை கற்றதையெல்லாம் சேர்த்தேன். ஸ்கூட்டரை மலைப்பாதையின் வளைவுகளிலேயே பழகினார். துணி வியாபாரியோடு பேரம் பேசத் தெலுங்கு கற்றார். பேரத்தில் இன்றும் தோற்கிறார், ஆனால் தெலுங்கில் தோற்கிறார். போன வருடம் சர்ச்சில் கீபோர்டு.*

(* கறுப்புக் கட்டைகளைத் தொடாமலே வாசிக்கிறார். கேட்டால், “அதெல்லாம் அடுத்த வருசம்” என்கிறார்.)

எழுத எழுதச் சந்தேகம் வந்தது. இப்படி ஒருவரை வாசகர் நம்புவாரா? ஒரு துக்கம், ஓர் ஏக்கம், குறைந்தது ஒரு கொடுமைக்கார மாமியாராவது வேண்டாமா? எதை ஒட்டினாலும் ஒட்டவில்லை. அவர் சந்தோஷமாக இருக்கிறார், அவ்வளவுதான். அதை எழுதித்தான் எனக்குப் பழக்கமில்லை.

4

வீட்டில் உட்கார்ந்து எழுதிச் சரிவராமல், கைபேசியிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று கிணற்றுக்கே வந்துவிட்டேன். கிணறு ரெபேக்காவின் தோழி புவனாவுடையது. நீச்சல் சொல்லித்தருவதும் அவர்தான். இத்தனை நாள் ரெபேக்கா முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்தார். இன்று கேன் இல்லாமல் எதிர்ச் சுவரைத் தொட வேண்டும். நாளை நடவுக்கு மோட்டார் போடுகிறார்கள், தண்ணீர் இறங்கிவிடும். இன்றைக்கு விட்டால் அடுத்த மழைக்குத்தான்.

முடிவு ஒன்று: தொட்டுவிடுகிறார், கைதட்டுகிறோம். (சப்பென்று இருக்கிறது.)

முடிவு இரண்டு: பாதிக் கிணற்றில் அவருக்கு மூச்சு— (வேண்டாம். இன்னொரு முறை திட்டு வாங்க முடியாது.)

“எழுதனது போதுங்கக்கா, இங்க பாருங்க” என்று சொல்லிவிட்டுச் சுடிதாரோடு இறங்கிவிட்டார்.

பாதிவரை போனார். பிறகு தலை உள்ளே போயிற்று. எனக்கு நீச்சல் தெரியாது. பதறி எழுந்து நின்றேன். புவனா அசையவில்லை.

“கால அட்ச்சிகினே இருடி” என்றார்.

தலை மேலே வந்தது. தண்ணீரைத் துப்பியது. கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த கல்லை ஒரு கை பிடித்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

5

அப்போதுதான் மூவருக்கும் உறைத்தது. கிணற்றுக்குப் படி இந்தப் பக்கம் மட்டும்தான்.

“போறது கத்துகினேன். வர்றதுக்கு இன்னாடி பண்றது?” ரெபேக்கா கல்லைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

“வர்றதும் அதேதான்” என்கிறார் புவனா.

“அதெப்டி? அப்ப எதிர்ல செவுரு இருந்துச்சு. இப்ப நீங்க ரெண்டு பேருந்தான கீறீங்க. சிரிப்பு வருதுடி.” பிறகு என்னைப் பார்க்கிறார். “கதய முடிச்சிட்டீங்களா அக்கா?”

“இன்னும் இல்ல.”

“முடிச்சிடாதீங்க. இது வேற புதுசா கத்துக்கணும். நீங்களும் எறங்குங்க.”

“வாங்க, நான் புடிச்சிக்கிறேன்” என்று புவனா என் கையைப் பற்றுகிறார்.

ஆகவே அவர் திரும்பி வருவதை நான் எழுதப்போவதில்லை. நீச்சல் தெரிந்த வாசகர்களே, ரெபேக்காவைப் படி சேர்ப்பது உங்கள் பொறுப்பு. தெரியாதவர்கள் என்னோடு வரலாம். புடவையைச் செருகிக்கொண்டேன். தண்ணீர் முட்டிவரை வந்துவிட்டது, ஜில்லென்று இருக்கிறது. இதோ இடுப்புவரை. கைபேசியை மேல்படியில் வைக்க—