ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் வலி

1

இந்தக் கதை ஒரு மருத்துவக் கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து வந்தது. வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் சிலருக்கு விடுமுறை நாளில் மட்டும் நெஞ்சு வலித்ததாம். ஒரே வரி. பெயர் இல்லை. நானே ஒருவனுக்கு மனுவேல் என்று பெயர் வைத்து, 1977இல், மன்னவனூர்ப் பக்கம் சாலைக்குப் பாறை உடைக்கும் வேலையில் சேர்த்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: மேகம் இறங்கிய சரிவில் மனுவேல் தனியாக

வேண்டாம். மேகத்துக்கு இங்கே சோலி இல்லை.

2

பாறைத் துளையில் வெடித் தோட்டாவைத் திணிப்பது மனுவேலின் வேலை. திங்கட்கிழமை தலை பிளக்கும். செவ்வாய்க்குள் சரியாகிவிடும். ஞாயிறு பூசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவான். மனைவி சூசையம்மாள் நம்பவில்லை.

"கல்லு ஒடைக்கையில வராத வலி, சாமியாரு பிரசங்கத்துக்கு மட்டும் எப்படிங்க வருது?"

"ஒழுங்காக் கேட்டுப் பாரு புள்ள, ஒனக்கும் வரும்."

[தோட்டாவிலுள்ள நைட்ரோகிளிசரின் தோல் வழியாக உள்ளே போய் ரத்தக்குழாயைத் தளர்த்தும். இதய நோயாளி நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் அதுதான். அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளிப்படுவதை அதே 1977இல்தான் கண்டார்கள். நம் ரத்தக்குழாயே அதைச் சுரக்கிறது என்று உறுதியாவதற்கு இன்னும் பத்து வருஷம் ஆனது. வாரமெல்லாம் தோட்டாவுக்குப் பழகிய குழாய் ஞாயிறு அது இல்லாமல் இறுகும், நெஞ்சு வலிக்கும்; திங்கள் மறுபடி விரியும், தலை வலிக்கும். மனுவேலுக்கு இதெல்லாம் தெரியாது. நானும் அவனிடம் சொல்லப்போவதில்லை.]

3

மேஸ்திரி காசிநாதன் ஒரு வழி சொன்னார். "தோட்டா சுத்துன காகிதத்தத் துண்டு மடிப்புல வச்சுக்க. நானும் அப்படித்தான் செய்றேன்."

மனுவேல் வைத்தான். கோயிலில் தலையில் துண்டு கட்டக் கூடாது. குளிருக்கு என்று துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டான். மூன்று வாரம் முழுப் பூசையும் உட்கார்ந்தான். திங்கட்கிழமைத் தலைவலியும் போனது. அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டது பலித்ததென்று சூசையம்மாள் தெரு முழுக்கச் சொன்னாள். திருநாளுக்கு அவன் சப்பரம் தூக்குவான் என்று அவளே நேர்ந்துகொண்டாள்.

திருநாள் காலையில் துண்டு கொடியில் வெளேரென்று தொங்கியது.

"ஏ புள்ள, இத எதுக்குத் தொவச்ச?"

"மஞ்சக் கறையும் நாத்தமுமாக் கெடந்துச்சு. அதையா கட்டிக்கிட்டுச் சாமி தூக்குவீங்க? மூணு தடவ சவுக்காரம் போட்டேன்."

காகிதம் அடுப்பில் போயிருந்தது. அவன் வாயைத் திறந்தான். வலியை நிறுத்தியது உன் சாமி இல்லை, அந்தக் கறைதான் என்று

சொல்லவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றான்.

4

முடிவு ஒன்று: சப்பரத்தோடு தெரு மேட்டில் ஏறுகையில் பாதியில் விழுகிறான். மருத்துவப்படி நடக்கக்கூடியது. எழுதுவதும் சுலபம்.

முடிவு இரண்டு: முழங்கால் வலி என்று தோளை விலக்கிக்கொள்கிறான். பிழைக்கிறான். தெரு சிரிக்கிறது. சூசையம்மாள் அவனோடு பேசுவதை விட்டுவிடுகிறாள்.

முடிவு மூன்று: அவன் அவளிடம் உண்மையைச் சொல்ல, அவள்

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அவன் சொல்லமாட்டான். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும்.

இப்போது மனுவேல் தோள் கொடுத்துவிட்டான். மேடு தொடங்க நூறு அடி இருக்கிறது. சூசையம்மாள் கூட்டத்தின் முன்வரிசையில் அந்த வெள்ளைத் துண்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விஷயம் தெரிந்த ஆள் அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒருவர்தான்.

சொல்வதானால் மேட்டுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.