ஆரம்ப நிலை விரிசல்

கட்டட ஆய்வுப் படிவத்தில் விரிசலுக்கு மூன்று பெயர்கள் உண்டு: ஆரம்ப நிலை, வளரும் நிலை, முற்றிய நிலை. எல்லோரும் முதலாவதற்குத்தான் டிக் அடிப்போம். அடித்துவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மருத்துவர்களுக்கும் அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். என் மனைவியின் ஸ்கேனை உறையிலிருந்து எடுக்காமலேயே ஒருவர் சொன்னார்: "ஆரம்ப நிலைதாம்மா, பயப்படாதீங்க." பயப்படாமல் பதினோரு வாரம் இருந்தாள்.

அவள் போன இரண்டாம் மாதம் ஒரு தையல் கூடத்துக்கு ஆய்வுக்குப் போனேன். மாடியைத் தாங்கும் தூணில் விரிசல். விரல் நுனி உள்ளே போயிற்று. கட்டட உரிமையாளர் பவுடர் மணக்கப் பின்னாலேயே வந்தார்.

"தம்பி, போன தடவ மாதிரியே ஆரம்ப நிலைன்னு போட்டுடுங்க. எதுக்கு வம்பு?"

"போன தடவ எந்தக் குருடன் சார் போட்டான்?"

அவர் இளித்துக்கொண்டே பழைய நகலை நீட்டினார். "நீங்கதான் தம்பி."

என் கையெழுத்துதான். அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள் தேதி. இந்தக் கட்டடத்துக்கு வந்ததே எனக்கு நினைவில்லை.

விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டியதாக நகலில் எழுதியிருந்தேன். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு வாரத்தில் வந்து பார்க்க வேண்டும். நான்கு மாதமாக வரவில்லை. பாதிக் கண்ணாடி தூணில் இருந்தது, மீதி தரையில்.

அந்த மருத்துவரை எவ்வளவு கேவலமாக நினைத்திருந்தேனோ, அதில் குன்றிமணி அளவும் குறைக்காமல் என்னையும் நினைத்தேன்.

"மேல எத்தன பேரு?"

"முப்பது. சாயங்காலம் லோடு போகணும் தம்பி, இப்பப் போயி..."

மாடி ஏறினேன்.

"எல்லாரும் வெளிய போங்க. உடனே."

மெஷின்கள் நிற்கவில்லை. முன்வரிசையில் ஒரு அக்கா மட்டும் நிமிர்ந்தாள். "யாரு சார் நீ? வந்ததும் வராததுமா அதிகாரம்?"

"கீழ தூண் உடையுது. ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தவன் நான்தான். சரியா பாக்காம எழுதிட்டேன்."

மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா எழுதுன போ. படிச்ச மூஞ்சி வேற." பக்கத்தில் இருந்தவளின் தோளில் ஒரு அடி வைத்தாள். "ஏய், எந்திரிங்கடி!"

படியில் நின்று உரிமையாளர் கத்தினார். "ஆரம்ப நிலைதாம்மா! போய் உக்காருங்க!"

முப்பது பேரும் அவரை இடித்துக்கொண்டே இறங்கினார்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நான் கடைசியாக இறங்கினேன்.