கிளட்சுத் தோல்

பாலாற்று மணலை வண்டி எப்படியோ தாண்டிவிட்டது. கரையேறும் மேட்டில்தான் வந்தது வினை. என்ஜின் ஊரைக் கூட்டும்படி அலறியது. சக்கரம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"இன்னா தேவசகாயம், இன்னா ஆச்சு?" பின்னால் உட்கார்ந்திருந்த அப்துல் சமத் சாயபு கேட்டார். ஆம்பூரில் முந்நூறு பேர் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பு அவருடையது. பக்கத்தில் பட்டணத்துத் தோல் தரகர் ஷபீ அஹமது.

"கிளட்சு வழுக்குது முதலாளி."

"வழுக்குதா? மழையே பெய்யலியே!"

தரகர் சிரித்துவிட்டார். "சாயபு, ஒன்பதாயிரம் குடுத்து வாங்கின இங்கிலீஷ் வண்டி. ஒரு ஜதை மாடும் சேத்து வாங்கியிருக்கலாம்."

மாடு வந்துதான் வண்டியை இழுத்துக்கொண்டு போனது. தோல் விலை விழுந்து கிடந்த புரட்டாசி மாதம் அது. சமத் சாயபுவின் வண்டியை மாடு இழுத்ததாம் என்று இரண்டே நாளில் பட்டணத்துப் பெரியமேடு தோல் மண்டி வரைக்கும் பேச்சு. வண்டி ஓடினால்தான் கடன் கொடுப்பவன் கொடுப்பான். அது சாயபுவுக்குத் தெரியும், தேவசகாயத்துக்கும் தெரியும்.

பட்டணத்தில் வண்டி விற்ற கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. பத்தாம் நாள் பதில் வந்தது. சாயபு அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக் கொட்டகைக்கு வந்தார்.

"முந்நூத்தி எண்பத்தஞ்சு ரூபாயாம். கேட்டியா? கிளட்சு மேல சுத்தற தோலு, நூத்தி நாப்பது. வந்து மாட்டற மேஸ்திரிக்குக் கூலி. மேஸ்திரிக்கு ரயிலு. மேஸ்திரி தூங்கறதுக்கு ஓட்டல்."

"ரெண்டு வருஷம் காரண்டி இருக்குதே முதலாளி?"

"தோலு தேயற சாமானாம். தேயற சாமானுக்குக் காரண்டி இல்லியாம். தேயாத சாமானுக்கு எதுக்குய்யா காரண்டி?" சாயபு கடிதத்தை மடித்தார். "நூத்தி நாப்பது ரூபாய்க்குத் தோலு! அதை யாருக்கு விக்கிறான் பாரு. எனக்கு!"

குரலைத் தாழ்த்தினார். "நீயே மாத்திப் போடேன்."

பட்டணத்தில் மூன்று மாதம் வண்டி பழகியபோது கம்பெனிக்காரன் தேவசகாயத்திடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தான். கம்பெனி ஆள் தவிர வேறு யாரும் எதையும் கழற்றக்கூடாது. கழற்றினால் காரண்டி போச்சு. டிரைவர் பேரையும் கம்பெனிப் புத்தகத்திலிருந்து அடித்துவிடுவார்கள்.

"தெரிஞ்சா என் பேரை அடிச்சுடுவாங்க முதலாளி. அப்புறம் எவனும் என்னை வண்டி தொட விடமாட்டான்."

"அரே, நான் இல்லியா? நான் சொல்லித்தானே செய்யறே. ஒண்ணு ஆச்சுன்னா நான் பேசறேன்."

வீட்டில் ஆரோக்கியமேரிக்கு இது பிடிக்கவில்லை.

"உங்கப்பா கையை நான் பாத்திருக்கேன்" என்றாள் அடுப்பை ஊதிக்கொண்டே. "கலியாணத்தன்னைக்கு என் தலையில வெச்சு ஆசீர்வாதம் பண்ணாரு. கையா அது? வெடிச்ச களிமண்ணு. முப்பது வருஷம் சுண்ணாம்புக் குழியில தோலு ஊறப்போட்ட கை."

"இப்ப எதுக்கு அவரை இழுக்கறே?"

"எதுக்கா? இந்த வண்டி போனா நீ போற எடம் அதான். வேற எங்க போவே?"

"முதலாளி பேசறேன்னு சொல்லியிருக்காரு."

"சொல்லுவாரு. அவரு கையா வேவப் போவுது?"

அவன் எழுந்து சவரக்கத்தியைத் தேடினான். முதலாளி செய் என்று சொன்ன பிறகு செய்யாமல் இருந்தால் மட்டும் வேலை நிலைக்குமா?

கிளட்சு மூடியின் மேல் கம்பெனியின் அரக்கு முத்திரை இருந்தது. தேவசகாயம் சவரக்கத்தியைச் சூடு பண்ணி, அரக்கைத் துளி உடையாமல் முழுசாகப் பெயர்த்துத் தட்டில் வைத்தான். உள்ளே கூம்பு மாதிரி ஓர் இரும்பு. அதைச் சுற்றித் தோல் பட்டை. அந்தத் தோல் என்ஜின் சக்கரத்தைக் கவ்விக்கொண்டால்தான் வண்டி நகரும். இப்போது அது கருகி, வழவழவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஷாப்புக்குள் மஹபூப் பாஷாவிடம் போனான். தோலைத் தரம் பிரித்து முத்திரை குத்துகிறவர் அவர். வயதில் பதினைந்து வருஷம் மூத்தவர், ஆனாலும் இவனுக்குத் தோஸ்த். பழைய தோலின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

"ஐயய்யோ பாய், எண்ணெயும் கரியும்!"

"சும்மா இரு." மென்று துப்பினார். "ஆவாரம் பட்டையில பதம் பண்ண தோலு. நம்ம பக்கத்துச் சரக்குதான் தேவா. வாணியம்பாடியோ, பேரணாம்பட்டோ. கப்பல்ல போய்ட்டு, துரை மாதிரித் திரும்பி வந்திருக்குது."

"நூத்தி நாப்பது ரூபாயாம் பாய்."

"கப்பல் சார்ஜு."

இருவரும் சிரித்தார்கள். மஹபூப் பாஷா முதுகுப்பக்கத் தோலாகப் பார்த்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். தேவசகாயம் அளவெடுத்து அறுத்து, மடியில் போட்டுச் சீவத் தொடங்கினான். பட்டை முழுக்க ஒரே கனம் இருக்க வேண்டும். ஓர் இடம் மெலிந்தாலும் கிளட்சு திக்கும். ஒரு சீவல், உடனே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தடவல். மறுபடி ஒரு சீவல். அளவுகோல் எதுவும் கிடையாது.

"காயிதக் கனம் வித்தியாசம்கூட உன் விரலுக்குத் தெரியுதேடா" என்றார் மஹபூப் பாஷா. "உனக்கு எதுக்கு டிரைவர் வேலை? என் எடத்துக்கு வந்துடு."

"உங்க எடத்துல ஹாரன் இல்லியே பாய்."

பட்டை தயாரானது. மஹபூப் பாஷா அவன் கையிலிருந்து அதை வாங்கினார், பலகையில் கவிழ்த்தார், ஷாப்பு முத்திரை இரும்பை வைத்துச் சுத்தியால் ஓங்கி ஓர் அடி. பிறையும், அதன் கீழே ஏ.எஸ். என்ற இங்கிலீஷ் எழுத்தும் பட்டையின் உள்பக்கத்தில் ஆழமாகப் பதிந்தன.

"பாய்! இன்னா காரியம் பண்ணீங்க!"

"இன்னா பண்ணேன்? முத்திரை இல்லாம கேட்டைத் தாண்டுவியா? ஆதிகேசவ நாயக்கரு கேட்டுல உக்காந்து புரட்டிப் புரட்டிப் பாக்கறாரு. முத்திரை இல்லாத தோலு திருட்டுத் தோலு."

"அதுக்காக நட்ட நடுவுலயா?"

"ஓரத்துல குத்தினா அறுத்துப் போட்டுடுவானுங்க. நடுவுலதான் வழக்கம்." அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. இருபது வருஷமாக, கையில் தோல் வந்தால் இரும்பு தானாக இறங்கிவிடும். "உள்பக்கம்தானே தேவா. இரும்போட ஒட்டிக்கும். எவன் பாக்கப் போறான்?"

சீவி எடுத்துவிடலாமா என்று தேவசகாயம் கத்தியை வைத்துப் பார்த்தான். முத்திரை போக வேண்டுமானால் அந்த இடம் மெலியும். மெலிந்தால் திக்கும். திக்குகிற வேலையைச் செய்ய அவனுக்குக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டான்.

விளக்கெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, இரும்பில் சுற்றி, செம்பு ஆணி அடித்து, மூடியைப் பூட்டி, பழைய அரக்கைப் பழைய இடத்திலேயே உருக்கி ஒட்டினான். மூன்றாம் நாள் பாலாற்று மேட்டில் வண்டி பூனை மாதிரி ஏறியது. சாயபு பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினார். அந்த வருஷத்தில் தேவசகாயம் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

தை மாதம் வண்டி மறுபடி படுத்தது. இந்தத் தடவை என்ஜினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோ.

"இதுக்குக் காரண்டி இருக்குது" என்றார் சாயபு. "சும்மாவே மாத்திக் குடுப்பான். எழுதிட்டேன்."

"முதலாளி, அவங்க வந்து கிளட்சைப் பாத்தா?"

"மேக்னெட்டோ முன்னால இருக்குது, கிளட்சு அடியில இருக்குது. அவனுக்கு அங்க இன்னா வேலை?"

கம்பெனியிலிருந்து வந்தவர் தானியேல் மேஸ்திரி. வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, அதிர்ந்து பேசாத மனுஷன். ஒரு மணி நேரத்தில் மேக்னெட்டோவை மாற்றினார். வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார். இறங்கியதும் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"புரட்டாசியில கிளட்சு வழுக்குதுன்னு எழுதியிருக்கீங்க. முந்நூத்தி எண்பத்தஞ்சுன்னு நாங்க சொன்னோம். அப்புறம் உங்ககிட்டருந்து பதிலே இல்லை."

"ஆமா" என்றார் சாயபு.

"இப்ப வெண்ணெய் மாதிரி பிடிக்குது. தானா சொஸ்தமாயிடுச்சா சார்?"

கடிதத்தை அவர்கள் வைத்திருப்பார்கள் என்று சாயபுவும் தேவசகாயமும் யோசித்திருக்கவில்லை. தானியேல் மேஸ்திரி கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போனார். தேவசகாயம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கூம்பை வெளியே எடுத்து வைத்தார். "இது எங்க ஆணி இல்லை."

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் சாயபு. "உங்க கம்பெனி அடிச்ச ஆணிக்கு நான் ஜவாப் சொல்லணுமா?"

மேஸ்திரி இரண்டு ஆணியைப் பிடுங்கி, தோலின் ஓரத்தைக் கத்தி முனையால் தூக்கினார். தூக்கித் திருப்பிக் காட்டினார்.

பிறை. ஏ.எஸ்.

"கையெழுத்தே போட்டு வெச்சிருக்கீங்களே சார்" என்றார்.

சாயபுவின் முகம் சுண்டிவிட்டது. மேஸ்திரி கணக்குச் சொன்னார். காரண்டி ரத்து. மாற்றின மேக்னெட்டோவுக்கு முழுப்பணம். வேறு கையால் பூட்டின வண்டி என்பதால் பட்டணத்துக்கு ரயிலில் அனுப்பி முழுசாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஆயிரத்து நூறு ஆகும். மாட்டேன் என்றால் இனிமேல் ஓர் ஆணிகூடக் கம்பெனி கொடுக்காது. வேறெங்கும் அது கிடைக்கவும் கிடைக்காது.

"வேற வழியே இல்லியா?" என்றார் சாயபு.

"ஒரு வழி இருக்குது." மேஸ்திரி தேவசகாயத்தைப் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டார். "முதலாளிக்குத் தெரியாம டிரைவர் கழட்டினதா இருந்தா, டிரைவரை நீக்கிட்டு எழுதிக் குடுக்கலாம். கம்பெனித் துரை ஒத்துப்பாரு. காரண்டி நிக்கும். கிளட்சுக்கு மட்டும் பழைய பில்லு."

தேவசகாயம் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். நான் பேசறேன் என்றவர் இப்போது பேசப்போகிறார் என்று ஒரு நிமிஷம் நம்பினான்.

"தேவசகாயம்" என்றார் சாயபு. "இப்படி வாப்பா."

கொட்டகைக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்று பேசினார். "பேருக்குத்தான். ஆயிரத்து நூறுக்கு நான் எங்க போவேன்? ஷாப்பே முங்கிடும். முந்நூறு பேரு சோறு. நீ ஒருத்தன் கையெழுத்துப் போட்டா..."

"முதலாளி, நீங்க சொல்லித்தானே..."

"இல்லைன்னேனா? அதனாலதான் உன்னை வெளிய அனுப்ப மாட்டேன். ஷாப்புல எடம் தர்றேன்."

"இன்னா எடம்?"

சாயபு தரையைப் பார்த்தார். "இப்போதைக்குச் சுண்ணாம்புக் குழியிலதான் ஆளு கம்மியா இருக்குது."

தேவசகாயம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். மேஸ்திரி எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருந்ததை முழுக்க வாசித்தான். 'என் முதலாளி அறியாமல்' என்ற இடத்தில் கண் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டான்.

சாயபு கொடுத்திருந்த டிரைவர் வீடு, கம்பெனி அனுப்பிய புது டிரைவர் ஜான் பாஷாவுக்குப் போயிற்று. ஆரோக்கியமேரி பானை சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தொழிலாளர் லைன் வீட்டுக்கு நடந்தாள். அவள் ஏசியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போல் இருந்தது. ராத்திரிகளில் அவன் கைக்கு நல்லெண்ணெய் தடவுவாள். குழியில் இறங்கிய முதல் மாதம் கை எரிந்தது. மூன்றாம் மாதம் விரல் நுனி வெடித்தது. அப்புறம் எரிச்சல் நின்றுவிட்டது. அது நல்லதுக்கு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் ஒரு நாள் சாயபு அத்தர் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சுண்ணாம்புக் குழிப்பக்கம் வந்தார். அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை.

"தேவசகாயம், மேல வா. கிளட்சு மறுபடி வழுக்குது. இந்த வாட்டி நானூத்தி இருபது கேக்கறான்."

முழங்கால் அளவு சுண்ணாம்பு நீரில் நின்றபடி அவன் நிமிர்ந்தான்.

"ஆடியோட காரண்டி முடிஞ்சு போச்சுப்பா. இனிமே யார் வேணா கழட்டலாம். நீயே போட்டுக் குடு. வண்டி ஏறிச்சுன்னா ஜான் பாஷாவை அனுப்பிடறேன். உன் வீடு உனக்கு."

தேவசகாயம் கை கால் கழுவிக்கொண்டு ஓடினான். ஓட்டம்தான் அது. மஹபூப் பாஷா ஏற்கெனவே முதுகுத் தோல் ஒன்றைப் பொறுக்கிப் பலகையில் விரித்து வைத்திருந்தார். தை மாதத்துக்குப் பிறகு அவர் இவன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தார்.

"உக்காரு தேவா. ஷாப்புலயே இதைவிட நல்ல தோலு இல்லை."

மடியில் போட்டான். ஒரு சீவல். விரலால் தடவினான். மறுபடி தடவினான். கட்டையால் கட்டையைத் தடவினது போல் இருந்தது.

"எப்படி இருக்குது?" என்றார் சாயபு.

"சரியா இருக்குது முதலாளி." இன்னொரு சீவல்.

மஹபூப் பாஷா குனிந்து தன் விரலால் தொட்டுப் பார்த்தார். "எடப்பக்கம் கனம்டா" என்று மெல்லச் சொன்னார். தேவசகாயம் இடப்பக்கம் சீவினான். "போதும். போதும்டா, தேவா, ஏய்!"

பட்டையின் நடுவில் ஓட்டை. அதன் வழியே கத்தி முனை தெரிந்தது. தோலின் மேல் ஈரமாக ஏதோ பரவியது. எண்ணெயாக்கும் என்று அவன் துடைக்கப் போனான்.

"ரத்தம் தேவா. உன் விரலுடா அது!"

அவன் விரலைத் தூக்கிப் பார்த்தான். ஆமாம், நன்றாகத்தான் வெட்டியிருந்தது. யாருடைய விரலையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தோலு எடுக்கறேன் சாயபு" என்றார் மஹபூப் பாஷா. "நான் தொட்டுத் தொட்டுச் சொல்றேன், அவன் சீவட்டும்."

சாயபு கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வேணாம், விடு. நல்ல தோலைக் கெடுக்காதீங்க. பட்டணத்துக்கே எழுதச் சொல்றேன்." வாசல்வரை போனவர் நின்றார். "கைக்கு ஏதாவது போட்டுக்கோ தேவசகாயம்."

அவர் போன பிறகு மஹபூப் பாஷா தன் துண்டைக் கிழித்து விரலில் கட்டினார். இறுக்கிக் கட்டினார்.

"வலிக்குதா?"

"இல்லை பாய்."

"கொஞ்சம்கூடவா?"

ஷாப்பு மணி அடித்தது. தேவசகாயம் எழுந்தான். "மூணாவது குழி திறக்கணும் பாய். நான் போறேன்."

"கட்டு நனையும்டா!"

அவன் கட்டைப் பார்த்தான். பிறகு அதை அவிழ்த்து, நான்காக மடித்து, அவர் பலகையின் மேல் வைத்துவிட்டுப் போனான்.