பேசாத கம்ப்யூட்டர்

ராஜாமணிக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை அவனுக்கு உரக்கப் படித்துச் சொல்வது கம்ப்யூட்டரில் போட்டிருந்த ஒரு மென்பொருள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அது வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கடலூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு அவன் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஒரு மாதமாகத் தட்டிவைத்த பொருளாதாரக் குறிப்புகளெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன.

சிதம்பரத்தில் அன்று ரிப்பேர் கடை எதுவும் திறக்கவில்லை. அவன் அம்மா பட்டம்மாள் எதிர்வீட்டுப் பெண் அருள்மொழியைக் கூட்டிவந்தாள். மாலை வகுப்பில் ஹார்டுவேர் படிக்கச் சேர்ந்து அவளுக்கு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நோட்டை மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஸ்பீக்கரில் விளக்கு எரிந்தது. ஒலியளவு முழுசாக இருந்தது. கம்ப்யூட்டரின் பச்சைத் துளையில் ஸ்பீக்கர் ஒயரின் பச்சை பின் சரியாகவே நின்றது. ஒலிக்கான மென்பொருளான சவுண்டு டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். சத்தமில்லை. நோட்டிலும் அதற்குமேல் ஒன்றுமில்லை. இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று நினைத்து நோட்டை மூடிவைத்தாள்.

“வேணும்னா நான் படிச்சுக் காட்டட்டுமாண்ணா?”

“இத்தன வருஷம் அப்படித்தான் பாப்பா படிச்சேன். படிச்சுக் காட்டுறவுங்களுக்கு எப்ப நேரமோ அப்பதான் எனக்குப் பாடம்.” கோபமில்லாமல்தான் சொன்னான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்கமாட்டாமல் பச்சை பின்னைப் பிடுங்கினாள். முனையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது, நடுவில் சிவப்புப் புள்ளி. முந்தினநாள் ஆயுத பூஜை. ஒயர்களையெல்லாம் கழற்றித் துடைத்து, முனைக்கு முனை பொட்டு வைத்து, நிறம் பார்த்துத் திரும்பச் செருகியிருக்கிறார்கள்.

நிமிர்ந்தாள். வாசற்படியில் நின்ற பட்டம்மாள், சொல்லாதே என்று கையை ஆட்டினாள்.

“என்ன பாப்பா?” என்றான் ராஜாமணி.

“பின்னுல கொஞ்சம் அழுக்குண்ணா.”

“அழுக்கு சந்தன வாசன அடிக்குதே.”

பட்டம்மாள் உள்ளே வந்தாள். “அருவாமனைக்கு வெச்சேன், உன் தடிக்கு வெச்சேன். தெனம் உனக்குப் படிச்சுச் சொல்றதுக்கு வெக்காம விடுவனா?”

“அதுக்குன்னு வாயிலயேவா அப்புறது?” அவன் சிரித்துவிட்டான்.

அருள்மொழி பின்னைச் சுரண்டி, துணியால் அழுந்தத் துடைத்துச் செருகினாள். ஸ்பீக்கர் கடகடவென்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளியது. ஒரு வார்த்தைகூட அவளுக்குப் பிடிபடவில்லை.

“அண்ணா, டிரைவர மாத்தினேன்ல, வேகம் கெட்டுப்போச்சா?”

ராஜாமணி ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப்போட்டு விசைப்பலகையில் கை வைத்திருந்தான்.

“இல்ல பாப்பா, இதான் என் வேகம். இன்னும் கொஞ்சம் கூட்டணும்.”