திறந்த கமெண்ட் ஒன்றும் இல்லை

ரிலீஸுக்கு முப்பத்தெட்டு மணி நேரம் இருந்தது. வினோதா எழுதிய திட்டப் பக்கத்தில் திறந்த கமெண்ட் ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குக் கருக்களாச்சேரிப் படகுகளும் பட்டினச்சேரிப் படகுகளும் 'படகுப் பலகை' என்ற போன் செயலியைப் பயன்படுத்தத் தொடங்கும். கடலில் இருப்பவர்கள் எத்தனை பெட்டி மீன் என்று போனில் எழுதுவார்கள். சிக்னல் கிடைத்ததும் அது பொதுப் பலகையில் சேரும். அதைப் பார்த்து ஐஸ் கம்பெனி ஐஸ் அனுப்பும், லாரிகள் வரும். பலகை தவறாகச் சொன்னால் மீன் வெயிலில் கிடக்கும். அதன் பிறகு அந்தக் கரைகளில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். வினோதா இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒப்புதல் தர வேண்டும்.

சென்னை அலுவலகத்திலிருந்து விஷ்ணுப்ரியா அழைத்தாள். வினோதாவுக்கு மேலதிகாரி.

"பக்கம் ரொம்பச் சுத்தமா இருக்கே. உங்க டீம் படிச்சாங்களா, இல்ல கும்பிட்டுட்டுப் போயிட்டாங்களா?"

வினோதா சிரித்தாள். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பலர் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதும் கருவிகளைச் செய்வதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. சென்னையில் எல்லோரும் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவள் எழுதியதற்குக் கீழே சண்டை போடுவார்கள். காரைக்காலில் கிளை தொடங்கியபோது, சொந்த ஊர் அம்பகரத்தூர் பக்கம்தானே என்று அவளை மேலாளராக அனுப்பினார்கள். பாரதியார் சாலையில் மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை, அவளுக்குக் கீழே மூன்று பேர்: ஆன்லின், புகழேந்தி, முத்து முகம்மது. முதல் நாளே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். ஒரு வாரம் அவர்கள் கூப்பிடவே இல்லை. பிறகு 'மேம்' என்றார்கள்.

மூடிய கமெண்ட்களைத் திறந்து பார்த்தாள். எல்லாம் ஆன்லின் எழுதியவை. எல்லாவற்றையும் மூடியவன் புகழேந்தி. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

டீ?

நாற்காலியைத் திருப்பினாள். "புகழ், இது என்னப்பா?"

புகழேந்தி திரையைப் பார்த்தான். பதில் முத்து முகம்மதிடமிருந்து வந்தது.

"அது ஒண்ணுமில்ல மேம். உங்க எழுத்துல ஏதாவது கேக்கணும்னா டீன்னு போடுவோம். அப்புறம் கீழ போய்ப் பேசிக்குவோம்."

"இங்கயே கேக்கறதுக்கென்ன?"

"சென்னைலேருந்து எல்லாரும் பாக்கறாங்களே. உங்க பேருக்குக் கீழ கேள்வி நின்னா நல்லாவா இருக்கும்? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லங்க."

"நீங்க மூணு பேரும் டீக்கு அடிமைன்னு நினைச்சேன்."

"அதுவும் உண்மைதாங்க," என்றான் முத்து. "ஆனா பயப்படாதீங்க மேம். எல்லாம் சின்னச் சின்னதுதான். அந்த ஒண்ணைத் தவிர."

"எந்த ஒண்ணு?"

முத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆன்லின் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"அதை நாங்க பாத்துக்கறோம் மேம்," என்றான் புகழேந்தி. "ரிலீஸ் ஆகட்டும். அடுத்த வாரம் சத்தமில்லாம மாத்திடலாம்."

"அதுவரைக்கும் படகுக்காரங்க என்ன பண்ணுவாங்க?"

அவள் தன் மேசைக்குத் திரும்பி கமெண்ட்கள் எந்த வரிகளில் இருந்தன என்று பார்த்தாள். பாதிக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தன: பலர் எழுதுவதை ஒன்றாகச் சேர்க்கும் பகுதி. அந்தப் பகுதியின் புரோகிராமை எழுதியதும் அவள்தான், மேலாளர் ஆவதற்கு முந்தைய மாதம். அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் மதிப்பீடுகளும் மின்னஞ்சல்களும்தான். நேர்முகத் தேர்வுகளில், நான் இப்போதும் புரோகிராம் எழுதுகிறவள்தான் என்று சொல்லும்போது இந்தப் பகுதியைத்தான் காட்டுவாள். இப்போது மறுபடி படித்தாள். அழகாக இருந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. அறையின் வைஃபையில் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே வந்தது.

நாலு மணிக்கு மூவரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள்.

"நானும் வரேன்."

நாலு பேரும் படி இறங்கினார்கள். காசியம்மாவின் டீக்கடை இரண்டு கடை தள்ளி இருந்தது. காசியம்மா ஒரு கையில் வடிகட்டியோடு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்கதான் அந்த மேடமா? தெனம் உங்களைப் பத்திதாங்க பேச்சு."

"அக்கா, டீயைப் போடுங்க," என்றான் புகழேந்தி.

"என்ன பேசுவாங்க?" என்று கேட்டாள் வினோதா.

"எனக்கென்னங்க புரியுது? கடல்ங்கறாங்க, சிக்னல்ங்கறாங்க. இந்தப் பொண்ணு சொல்லிடலாம் சொல்லிடலாம்னுது. இந்தப் புகழ் வேணாங்கறான்."

ஆன்லின் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். அறையில் அவள் குரலை வினோதா அதிகம் கேட்டதில்லை. இங்கே அவள் வாதாடுகிறாளாம்.

டீ வந்தது. நாலு பேரும் ஊதிக் குடித்தார்கள். வினோதா கேட்டாள்: "நான் எழுதின பகுதிங்கறதாலயா?"

"சேச்சே," என்றான் முத்து, கொஞ்சம் சீக்கிரமாகவே.

"ரிலீஸ் நின்னா சென்னைல உங்களைத்தானே மேம் கேப்பாங்க," என்றான் புகழேந்தி. "ஏற்கெனவே இந்தக் கிளை எதுக்குன்னு கேட்டுட்டிருக்காங்க."

அது உண்மை. அதை அவள் இவர்களிடம் சொன்னதில்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது. அதையும் இந்தப் பெஞ்சில்தான் பேசியிருப்பார்கள்.

மணி நாலரை. அவர்கள் சொன்ன பிறகு முடிவெடுக்கலாம் என்றுதான் வந்தாள். ரிலீஸை நிறுத்தும் முடிவைத் தானே எடுக்காதவரை இவர்கள் சொல்லமாட்டார்கள் என்பது இப்போது புரிந்தது. போனை எடுத்து விஷ்ணுப்ரியாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சின் நடுவில் வைத்தாள்.

"பிரியா, சனிக்கிழமை ரிலீஸ் வேண்டாம். நான் ஒப்புதல் தரல."

"என்ன விளையாடறீங்களா? ஐஸ் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்தாச்சு. என்ன பிரச்சினை?"

"தெரியல."

"தெரியலையா?"

"என் பகுதிலதான் இருக்கு. என்னன்னு எனக்குத் தெரியல. இங்க தெரிஞ்சவங்க இருக்காங்க."

"மேனேஜர் பேசற பேச்சா இது?" என்றாள் விஷ்ணுப்ரியா. "சரி, இருக்கேன். சொல்லச் சொல்லுங்க."

புகழேந்தி தலையைக் குனிந்துகொண்டான். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை ஆன்லின் காத்திருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். போனைப் பார்க்காமல் வினோதாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு படகும் சிக்னல் இல்லாத எடத்துல எழுதினா, அப்புறமா சிக்னலுக்கு வர்றவங்க எழுதினதுதான் நிக்குது மேம். முன்னால வந்தவங்க பெட்டியெல்லாம் அழிஞ்சிடுது. நீங்க எழுதினது தப்புங்க."